கறுப்புச் சட்டைக்காரியை இறக்கமாட்டேன்

ஒக்டோபர் 3, வெள்ளி

மழை. காற்று வேறு. குடை எங்கள் ஊர் இக்காஸ்ட் ஸ்டேசனிலேயே மடங்கிவிட்டது. குப்பைத்தொட்டிக்குள் போட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

வேலை லீவு. ஓஹூஸ் நகரத்து ஏலக்கடையில் இன்று பார்வை நாள், ஏலத்துக்கு முன் சாமான்களைப் போய்ப் பார்க்கலாம். பையில்: சின்ன டோர்ச், பூதக்கண்ணாடி, தேத்தண்ணி, இரண்டு கட்லட்.

பழைய அமெரிக்க ஓவியங்கள் நான்கே நான்கு.

ஆறு, மலை, பொழுதுபடும் வானம்: வானத்தில் பிற்காலத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. வேண்டாம்.
பாய்க்கப்பல்: என்னிடம் ஒன்று இருக்கிறது. போதும்.
நாயும் பழக்கூடையும்: நாய் பரவாயில்லை.

நான்காவது ஒரு மூலையில், அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில். விபரச் சீட்டில்: அமெரிக்கா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி, கீறியவர் தெரியாது, "ஒரு விதவை".

கறுப்புச் சட்டை, கறுப்புச் சால்வை, வெள்ளைத் துணித் தொப்பி. கதிரையில் நிமிர்ந்து இருக்கிறாள். கழுத்தடியில் சட்டையில் குத்திய ஒரு புறூச், அதன் கண்ணாடிக்குள் பின்னிய தலைமயிர். புருசனுடையதாக இருக்கும். கறுப்பு ஒரே கறுப்பு இல்லை. சட்டை நீலம் ஓடிய கறுப்பு, சால்வை மண்ணிறம் ஓடியது. கைகள் மோசம். ஊர் ஊராகப் போய் முகம் கீறிப் பிழைத்த யாரோ கீறியது. முகம் வந்திருக்கிறது, கை வரவில்லை. விரல்கள் பயத்தங்காய்.

வார்னிஷ் பழுத்து முகம் மஞ்சளாகிவிட்டது. விதவைக்கு மஞ்சள் பூசிய முகம்! நின்று சிரித்தேன். பக்கத்தில் நின்றவர் தள்ளிப் போனார்.

ஆனால் அந்தப் பார்வை. அழவில்லை, கெஞ்சவில்லை. "என்ன பார்க்கிறாய்?" என்று கேட்கிறது. படத்தை இறக்கிக் காட்டிய பெண் டேனிஷில் சொன்னாள்: "கொஞ்சம் கடுமையான ஆள், இல்லையா?"

"கடுமை இல்லை, ஆருக்கும் பயமில்லாத ஆள்" என்றேன்.

வீட்டுக்கு வந்தால் அண்ணையின் போன். ஹெர்னிங்கில் இருந்து. மாப்பிள்ளை வீட்டார் பதினெட்டாம் திகதி சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருகிறார்களாம், மகள் அபியின் கலியாணத்துக்கு நாள் வைக்க. கோல்டிங் ஆட்கள். பெடியன் நல்லவன், அபியோடு படித்தவன். அண்ணை குரலில் ஒரே சந்தோசம். எனக்கும்தான். ஆனாலும் படுக்கப் போகும்வரை கண்ணுக்குள் அந்தக் கறுப்புச் சட்டைதான்.

ஒக்டோபர் 5, ஞாயிறு

வெயில், குளிர். மாலை வகுப்புக்காரரோடு பஸ்ஸில் கோப்பன்ஹேகன். அங்கே மியூசியத்துக்கு இரவலாக வந்த அமெரிக்க இயற்கைக் காட்சி ஓவியங்கள்.

இந்த வகுப்புக்கு நான் வந்த கதையை நினைத்தால் சிரிப்பு. இவர், அபியின் அப்பா, செத்து மூன்றாம் மாதம், வீட்டில் இருக்க விசர் பிடிக்கிறதென்று பூ அடுக்கல் வகுப்புக்குப் பதியப் போனேன். நிரம்பிவிட்டது. இடமிருந்தது "பழைய அமெரிக்க ஓவியம்" என்ற வகுப்பில் மட்டும். முதல் கிழமை ஒன்றும் விளங்கவில்லை. மூன்றாம் கிழமை ஒரு படத்துக்கு முன்னால் பஸ்ஸைத் தவறவிட்டேன். இப்போது மூன்று வருடம்.

இன்று பெரிய பெரிய படங்கள். சுவர் முழுக்கக் காடு, பள்ளத்தாக்கு, அருவி. ஆள் இல்லை. இருந்தாலும் எறும்பளவு. ஆசிரியை பியர்கிட் சொன்னாள், மனிதக் கால் படாத நிலம் என்று காட்டத்தான் இப்படிக் கீறினார்கள், உண்மையில் அங்கே இருந்த சனத்தைத் துரத்திக்கொண்டிருந்த காலம் அது.

எனக்குச் சட்டென்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரில் எங்கள் வளவை ஆமி எடுத்து வேலி போட்டு வைத்திருந்ததே, அதையும் யாராவது இப்படிக் கீறியிருக்கலாம். நாலு பனை, ஒரு கிணறு, பொழுதுபடும் வானம். ஆளில்லை, ஆகா என்ன அமைதி! பியர்கிட்டிடம் சொன்னேன். அவள் என் தோளைப் பிடித்தாள்.

ஆனாலும் ஒரு படத்தில் அந்த வெளிச்சம் இருக்கிறதே! மரத்துக்குப் பின்னால் இருந்து கசிகிற வெளிச்சம். பொய்க்குள் இவ்வளவு வெளிச்சத்தை எப்படி வைத்தான்? அந்தப் படத்தடியில்தான் அதிக நேரம் நின்றேன். கோபமும் போகவில்லை, காலும் நகரவில்லை.

நான் வாங்குவதென்றால் முகம்தான். முகத்தைத் துரத்திவிட்டுக் கீற முடியாது.

கால் வீங்கிவிட்டது. நாளைக்கு முதியோர் இல்ல வேலைக்குப் பழைய சப்பாத்து.

ஒக்டோபர் 7, செவ்வாய்

மப்பு. மழை இல்லை.

விதவையை ஏலத்தில் எடுத்துவிட்டேன்!

என்ன விலை என்று இங்கே எழுதமாட்டேன். என் சம்பளம், என் சேமிப்பு. ஆரும் கேட்கத் தேவையில்லை.

கடைசி வரிசையில் இருந்தேன். தோல் ஜாக்கெட் போட்ட ஒரு வியாபாரி கேட்டான், போனில் யாரோ கேட்டார்கள், நான் கேட்டேன். போன்காரர் விட்டுவிட்டார். வியாபாரி ஒவ்வொரு முறையும் திரும்பி என்னைப் பார்த்தான், நான் விட்டுவிடுவேன் என்று. நான் கையில் பிடித்த இலக்கத் தட்டை இறக்கவே இல்லை. சுத்தியல் விழுந்தது.

பின்னால் நின்ற இரண்டு பேர் குசுகுசுத்தார்கள்: "யாருக்காக வாங்குகிறாளாம்?"

டேனிஷ் விளங்காதென்று நினைப்பு. திரும்பிச் சொன்னேன்: "எனக்காக."

முகம் மட்டும் வெளியே தெரியப் போர்வையால் சுற்றி ரயிலில் கொண்டுவந்தேன். பக்கத்துச் சீட்டில் அவள். டிக்கெட் பார்க்க வந்தவன் "இவவுக்கும் டிக்கெட் இருக்கா?" என்று பகிடி விட்டான். விதவைக்கு டிக்கெட் விலையில் கழிவு இல்லையோ என்றேன். சில்க்போர்க் வரும்வரை சிரித்துக்கொண்டே போனான்.

ஒக்டோபர் 8, புதன்

பகல் வேலை. பின்னேரம் படம் கொழுவினேன். வாசல் கதவைத் திறந்தால் நேரே தெரிகிற சுவர். மேலே படத்துக்கென்று விற்கிற சின்ன விளக்கு. கீழே முக்காலியில் செவ்வந்தி, கடையில் மலிவாகப் போனது.

அபி வேலையால் வந்து சப்பாத்தும் கழட்டாமல் நின்று பார்த்தாள். "அம்மா, இவவுக்கு ஏன் இவ்வளவு கோபம்?" டேனிஷில்தான். நான் தமிழில் கேட்டால் அவள் டேனிஷில் சொல்வாள், இருபத்தெட்டு வருடமாக இப்படித்தான்.

"கோபமில்லை. களைச்சுப்போய் இருக்கிறா, ஆனால் எழும்ப மாட்டா."

"கை பிழையா இருக்கு."

"ஓம். கை மட்டும் பிழை."

வார்னிஷ் துடைக்கிற ஆள் போன் எடுத்தார். துடைத்தால் முகம் வெள்ளையாக வருமாம். வேண்டாம் என்றேன். மஞ்சள் இருக்கட்டும்.

ஒக்டோபர் 11, சனி

நாள் முழுக்கத் தூறல். கோபம் இன்னும் ஆறவில்லை, எழுத்து கோணல்.

அண்ணையும் அவர் மனுசி மச்சாளும் வந்தார்கள், கோயிலுக்குப் போய்விட்டு நேராக. மச்சாள்தான் முதலில் உள்ளே வந்தாள். படத்தைப் பார்த்தாள், மேலே எரிகிற விளக்கைப் பார்த்தாள், கீழே பூவைப் பார்த்தாள். குரலை இறக்கிவிட்டாள்.

"ஆர் மச்சாள் இது? உம்மடை முதியோர் இல்லத்துக் கிழவியே? எப்ப மோசம் போனது?"

மச்சாள் பின்னால் எட்டு வைத்தாள்.

"ஐயோ, செத்த வீட்டுத் துடக்கெண்டு ஒரு போன் எடுத்துச் சொல்லியிருக்கலாமே! கோயிலாலை எல்லே வாறம்!"

"செத்து நூற்றைம்பது வருசத்துக்கு மேலை மச்சாள். துடக்குக் கழிஞ்சிட்டுது. ஏலத்திலை எடுத்த படம்."

மச்சாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். நான் சிரித்தேன். அபி அறைக்குள் இருந்து சிரித்தாள். அண்ணை சிரிக்கவில்லை.

"உதைக் கழட்டு பிள்ளை. அடுத்த சனி அவையள் வருகினம். நல்ல காரியத்துக்கு வாற சனம். கதவு திறந்த உடனை முழுவியளமா, சகுனமா, மூளி ஒருத்தி நிண்டால் என்ன நினைப்பினம்?"

மூளி. தாலி அறுத்தவளுக்குச் சொல்கிற அந்தச் சொல்லைச் சொன்னார். நாக்கைக் கடிப்பார் என்று பார்த்தேன். கடிக்கவில்லை. என் வெறும் கழுத்து அவர் கண்ணுக்கு முன்னால்தானே இருந்தது?

"கதவைத் திறக்கிறது நான்தானே அண்ணை?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் தடுமாறினார். பிறகு, மெல்ல, அன்பாகவே சொன்னார். அதுதான் கொதிக்கிறது, அன்பாகச் சொன்னார்.

"அதுக்குத்தான் சொல்றன், கதவை மச்சாள் திறக்கட்டும். நீ குசினியிலை நில். பேந்து தேத்தண்ணியோடை வா."

"அப்ப கலியாணத்தண்டு?"

"தாரை வார்க்கிறது நானும் மச்சாளும் எண்டு முந்தியே கதைச்சதுதானே. நீயும் ஓம் எண்டனி. தாலி கட்டேக்கை பின்னுக்கு ஒரு கதிரையிலை இரன். ஆரும் உன்னை ஒண்டும் சொல்லாயினம்."

ஓம், கோடைகாலத்தில் நான்தான் ஓம் என்றேன். வழக்கம் என்று தலையாட்டினேன். பெண்ணின் கையைத் தகப்பன் பிடித்துக் கொடுக்க, தாய் செம்பால் தண்ணீர் வார்ப்பாள். தகப்பன் இல்லை. சரி, அண்ணை பிடிக்கட்டும். தாய் இருக்கிறாளே! உயிரோடு, இரண்டு கையோடு! அவளைத் தூக்கிக் குளிப்பாட்டிய கை, காய்ச்சலுக்கு நெற்றி பார்த்த கை, இவர் படுக்கையில் கிடந்தபோது இவரைப் புரட்டிப் படுக்கவைத்த கை. அந்தக் கை ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் என் பிள்ளைக்குக் கெட்டது வருமாம்.

"படத்தை இறக்கமாட்டன்" என்றேன்.

"உனக்கென்ன விசரே?"

"ஓம்."

தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார்கள். கட்லட் பன்னிரண்டு மிச்சம்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

காற்று. முற்றத்து மரம் ஒரே நாளில் மொட்டை.

அபி கேட்டாள். அவளும் கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை. "ஒரு நாள் மட்டும் அம்மா. ஒரு பின்னேரம். அவர்கள் போனதும் நானே திரும்பக் கொழுவித் தாறன். ஒரு படத்துக்காகப் பிரச்சினை வேண்டாம்."

"அந்தப் பின்னேரம் என்னை எங்கை கழட்டி வைக்கிறது? கட்டிலுக்குக் கீழையோ?"

"அது வேற, அம்மா."

"வேறை இல்லை."

அன்று அண்ணை என்ன சொன்னார் என்று முழுக்கச் சொன்னேன். குசினி, பின்கதிரை, எல்லாம். அவள் தாரை வார்க்கிறது என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாமல் இருந்திருக்கிறாள். என் பிழை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். இருட்டிய பிறகு வந்தாள். சாப்பிடவில்லை. படத்துக்கு முன்னால் ஒரு யோகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் பார்க்கவில்லை என்று நினைத்து.

பயமாக இருக்கிறது. அதை ஏன் மறைக்க, இது எனக்கு எழுதுவது. அவர்கள் முகம் சுளித்துக்கொண்டு எழும்பிப் போனால்? பெடியன் தாயைத் தாண்டமாட்டாதவன் என்றால்? அபி என் முகத்தைப் பார்ப்பாளா?

இரண்டு முறை விளக்கை நிறுத்தினேன். இரண்டு முறையும் திரும்பப் போட்டேன்.

இறக்கமாட்டேன்.

வாங்க: ரவை, கசுக்கொட்டை, நெய், ரோல்ஸுக்கு உருளைக்கிழங்கு (மரவள்ளி இங்கே கிடையாது).

ஒக்டோபர் 18, சனி

வெயில்! இந்த மாதத்தில் நம்பவே முடியாத வெயில்.

நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும்.

அண்ணையும் மச்சாளும் நேரத்தோடு வந்தார்கள், ஒன்றும் நடக்காத மாதிரி. நான் குளிக்கப் போனேன். சாம்பல் சீலை, நெற்றி வெறுமை. பொட்டு வைத்து ஆரையும் ஏமாற்றுகிற எண்ணம் எனக்கில்லை. வெளியே வந்தால் படம் இல்லை! மச்சாள் தன் பையில் கொண்டுவந்த சிவப்புப் பட்டுச் சீலையைப் படத்துக்கு மேலால் தொங்கவிட்டு, உடுப்புக் காயப்போடுகிற கிளிப்பால் குத்தியிருந்தாள். தங்கக் கரை முன்னால் தெரிகிறது. மேலே விளக்கு எரிகிறது. கீழே பூ.

"கழட்டேல்லை மச்சாள், மூடினனான். உம்மடை சொல்லும் இருக்கட்டும், உம்மடை அண்ணையின்ரை சொல்லும் இருக்கட்டும்."

பதில் சொல்ல முன்னம் பெல் அடித்தது. மச்சாள் எழும்ப முன்னம் நான் கதவடியில். திறந்தேன்.

மாப்பிள்ளையின் தாய் முன்னுக்கு. கட்டையான மனுசி, பெரிய கோட்டு. பின்னால் தகப்பன், பெடியன். அந்த மனுசி சுவரைப் பிடித்துக்கொண்டு சப்பாத்தைக் கழட்டினா, "வாறம் தங்கச்சி" என்று நிமிர்ந்தா. அப்படியே நின்றுவிட்டா.

சிவப்புப் பட்டுத் திரை. விளக்கு. பூ.

கை இரண்டையும் கூப்பினா. கண்ணை மூடினா. தகப்பனும் கோட்டோடு கும்பிட்டார். பெடியன் அபியைப் பார்த்தான், அபி நிலத்தைப் பார்த்தாள், அவனும் கும்பிட்டு வைத்தான்.

"திரை மூடிக் கிடக்கு. பூசை நேரமே?" என்று அந்த மனுசி மெதுவாகக் கேட்டா.

மச்சாளின் வாய் திறந்தபடி. அண்ணை எனக்குத் தலையை ஆட்டினார், பேசாதே, பேசாதே. பேசாமல் விட்டிருக்கலாம். ஓம் அம்மா, சாமிதான், வாங்கோ இருங்கோ என்று சொல்லியிருந்தால் எல்லாம் சுகமாக முடிந்திருக்கும். நானும் கேசரியோடு குசினிக்குள் இருந்து வந்திருப்பேன். பின்கதிரையும் எனக்காகக் காத்திருந்திருக்கும்.

"இல்லை அம்மா. திறக்கிற நேரம்" என்றேன்.

கிளிப்பைக் கழட்டினேன். பட்டு முக்காலியில் விழுந்தது, செவ்வந்தி சரிந்தது. கறுப்புச் சட்டைக்காரி நேராக அவர்களைப் பார்த்தாள்.

அந்த மனுசி கூப்பிய கையை இறக்கினா.

"ஆர் இவா?"

"அமெரிக்காக்காரி. பேர் தெரியாது. பழைய படம், ஏலத்திலை எடுத்தனான். புருசன் செத்தாப்போலை ஒரு ஆளைக் கூப்பிட்டு முன்னுக்கு இருந்து தன்னைக் கீறுவிச்சிருக்கிறா. ஒளிச்சிருக்கேல்லை." கிளிப் இன்னும் என் கையில். "நானும் ஒளிக்கப் போறேல்லை. கலியாணத்திலை அண்ணை அபின்ரை கையைப் பிடிச்சுக் குடுக்கட்டும். செம்பு என்ர கையிலை. உங்களுக்குச் சரியில்லாட்டி இப்பவே சொல்லுங்கோ."

"பிள்ளை!" அண்ணை கத்தினார்.

அப்போது அபி. தமிழில். இவ்வளவு பேருக்கு முன்னால் அவள் தமிழ் கதைத்து நான் கேட்டதில்லை. "அம்மா வார்க்கேல்லை எண்டால் எனக்கு இந்தக் கலியாணம் மண்டபத்திலை வேண்டாம். நாங்கள் கொம்யூன் ஒப்பீசிலை போய்ப் பதிவுக் கையெழுத்து வைக்கிறம்." பெடியன் எட்டு வைத்து அவள் பக்கத்தில் போய் நின்றான். எனக்கு அது காணும், அதுவே போதும்.

மாப்பிள்ளையின் தாய் எங்களைப் பார்க்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றா. எவ்வளவு நேரமோ. பிறகு நீளமாக மூச்சு விட்டா.

"சாமி எண்டு நினைச்சுக் கும்பிட்டுப் போட்டன். கும்பிட்டதை இனித் திருப்பி எடுக்கேலுமே?"

தகப்பனுக்குச் சிரிப்பு வந்து இருமலாக்கினார்.

"ஐயர் என்ன சொல்லுவாரோ தெரியாது" என்றா அவ.

"ஐயரோடை நான் கதைக்கிறன்."

"அப்ப கதையுங்கோ. இப்ப தேத்தண்ணி தாங்கோ, எனக்குக் கை விறைக்குது."

நாள் வைத்தாயிற்று. சித்திரையில். கேசரி கொஞ்சம் இறுகிவிட்டது, ஆனால் மிச்சமில்லை.

அண்ணை கடைசிவரை என்னோடு பேசவில்லை. போகும்போது கதவை நான்தான் திறந்துவிட்டேன்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

மழை திரும்ப. பட்டுச் சீலையில் செவ்வந்திச் சாயம் பட்டுவிட்டது, மச்சாளுக்கு எப்படிச் சொல்வது?

காலையில் ஐயருக்குப் போன்.

"வழக்கத்திலை இல்லையம்மா."

"செய்யக்கூடாதெண்டு எங்கை கிடக்கு ஐயா?"

"பாத்துத்தான் சொல்லவேணும்."

"பாருங்கோ. நான் வார்க்கிறதோ எண்டு பாக்கத் தேவையில்லை, அதை நான் வார்ப்பன். நீங்கள் மந்திரம் சொல்லுவியளோ எண்டதை மட்டும் பாத்துச் சொல்லுங்கோ."

அந்தப் பக்கம் பஞ்சாங்கம் புரட்டுகிற சத்தம். பிறகு, "சித்திரையிலை எத்தினையாம் திகதி?" என்று கேட்டார்.

அண்ணையிடமிருந்து போன் இல்லை. இருக்கட்டும். அவருக்கும் நேரம் வேண்டும். எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

பின்னேரம் பெல். மச்சாள், தனியாக, பஸ்ஸில் வந்திருக்கிறாள். கையில் கடைப் பை. அதற்குள் வெள்ளிச் செம்பு.

"அவர் படுத்திருக்கிறார், நான் வந்தது தெரியாது. இது என்ர கலியாணச் செம்பு. அபிக்கு நான் வார்க்கவெண்டு மினுக்கி வைச்சனான்." என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். "பாரம். தண்ணி விட்டால் இன்னும் பாரம். சனத்துக்கு முன்னாலை கை நடுங்கினால் வடிவில்லை. இப்பவே ஊத்திப் பழகும்."

சாயம் பட்ட கதையைச் சொன்னேன். "போனால் போகுது" என்றாள். படத்தை நிமிர்ந்து பார்த்தாள். "உவவின்ரை கையைப் பாரும், ஒரு செம்பு பிடிக்க உதவாது."

குசினி. செம்பை வழிய வழிய நிறைத்தேன். மச்சாள் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே உள்ளங்கையை நீட்டினாள், அபியின் கையாக.

சரித்தேன். கை நடுங்கியது. தண்ணீர் அவள் சட்டைக்கையெல்லாம் நனைத்தது.

"மெல்ல, மெல்ல, காணும் மச்சாள்!"

காணாது. திரும்ப நிறைத்தேன்.